திறந்த கதவும் மூடிய முடிவும்

எல்லோரும் ஒருமுகமாகப் போற்றும் சொற்களை ஐயத்தோடு அணுகுவது விமர்சனத்தின் முதற் கடமைகளுள் ஒன்று. மக்கள், பொதுநலம், சுதந்திரம் முதலிய சொற்கள் எத்தனை கைகளிற் சிக்கி எத்தனை பொருள்களைப் பெற்றன என்பதைக் கடந்த நூற்றாண்டின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தியிருக்கின்றது. இந்த நூற்றாண்டில் அவ்வரிசையில் வந்து சேர்ந்துள்ள சொல் 'திறந்த' என்பது. திறந்த கூட்டம், திறந்த கலந்தாலோசனை, திறந்த நியமம், திறந்த ஆட்சிமுறை என்று அச்சொல் அடைமொழியாக ஒட்டாத இடமே இன்று இல்லை. அது மிகுதியாகப் புழங்கும் இடங்களுள் ஒன்று, இணையத்தை நெறிப்படுத்தும் அமைப்புகளின் ஆவணங்களாகும். ஓர் இலக்கிய நூலைப் படிக்கும்போது சொல்லப்பட்டதையும் சொல்லாது விடப்பட்டதையும் ஒருங்கே நோக்குவது போல, அவ்வாவணங்களையும் அவற்றின் பின்னுள்ள செயல்களையும் அருகருகே வைத்து நோக்குவதே இங்கு நமது முயற்சி.

இது பொறியியலாளருக்குரிய விடயமல்லவா, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். அச்சுக்கூடம் தோன்றிய காலத்தில் அச்செழுத்து வார்ப்பது கம்மியரின் தொழிலாகத்தான் இருந்தது. ஆனால் எதை அச்சிடலாம், எவர் அச்சிடலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பன கம்மியரின் கேள்விகளாக இருக்கவில்லை. அவை சமுதாயத்தின் கேள்விகளாக இருந்தன. இன்று ஒரு தொழிற்சங்கமோ, வாசகர் வட்டமோ, மனித உரிமைக் கழகமோ உலகத்தின் முன் தன் முகத்தைக் காட்டுவதற்கு இணையத்தில் ஒரு பெயர் வேண்டும். அப்பெயரை வழங்குபவர் யார், அதற்கு விலை வைப்பவர் யார், அதைப் பறிக்கும் வலிமை யாருடைய கையில் உள்ளது என்பன கருத்துரிமையைப் பற்றிய கேள்விகள். அவற்றைப் பொறியியலாளரிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கியிருத்தல் இயலாது.

இணையப் பெயர்களின் உச்சியில் இருப்பது ஐகான் என்னும் நிறுவனம். 1998ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலச் சட்டத்தின்கீழ் இலாபநோக்கற்ற பொதுநல நிறுவனமாக அது பதிவுசெய்யப்பட்டது. அதற்கு முன்னர் இப்பணியின் பெரும்பகுதியை யொன் போஸ்ரல் என்ற ஆய்வறிஞர் அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின்கீழ் ஆற்றிவந்தார். புதிய நிறுவனம் அமைந்த சில வாரங்களில், 1998 ஒக்டோபரில், அவர் காலமானார். ஒரு மனிதரின் நேர்மையில் தங்கியிருந்த பொறுப்பு, ஒரு பணிப்பாளர் சபையின் விதிகளில் தங்கியிருக்கும் பொறுப்பாக மாறியது. முதற் பணிப்பாளர்களை மக்கள் எவரும் தெரிவுசெய்யவில்லை. ஆயினும் பின்னர் சபையின் ஏறக்குறைய அரைப்பங்கினரை உலகெங்குமுள்ள சாதாரண இணையப் பயனாளர் தெரிவுசெய்வர் என்ற நம்பிக்கை அப்போது ஊட்டப்பட்டது. 'கீழிருந்து மேலாக' என்பது அந்நிறுவனத்தின் மந்திரமாயிற்று.

அந்த நம்பிக்கைக்கு நேர்ந்த கதியை முதலில் நோக்குவோம். 2000ஆம் ஆண்டில் ஐந்து இடங்களுக்கு மட்டும் உலகளாவிய தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 158,000 பேர் தம்மைப் பதிந்துகொண்டனர். பதிவு நடைமுறையின் எல்லாப் படிகளையும் கடந்து ஈற்றில் வாக்களித்தோர் 34,035 பேர். ஆசிய, பசிபிக் பகுதியில் 17,745 பேரும், ஐரோப்பாவில் 11,309 பேரும், வட அமெரிக்காவில் 3,449 பேரும், இலத்தீன் அமெரிக்காவில் 1,402 பேரும் வாக்களித்தனர். ஆபிரிக்கக் கண்டம் முழுவதிலும் வாக்களித்தோர் 130 பேர். ஒரு கண்டத்தின் குரல் நூற்றுமுப்பது வாக்குகளில் அடங்கியது என்றால், அது அக்கண்டத்து மக்களின் அக்கறையின்மையை அன்று, தொலைபேசிக் கம்பியும் கணினியும் எவரிடம் இருந்தன என்பதையே காட்டுகின்றது.

இக்குறைகளைக் கண்டபோது செய்யத்தக்கது யாது? பதிவை எளிதாக்கலாம், பின்தங்கிய பகுதிகளில் வாக்காளரைத் திரட்டலாம், இரண்டாவது தேர்தலை முதலாவதிலும் சிறப்பாக நடத்தலாம். ஆனால் இரண்டாவது தேர்தலே நடைபெறவில்லை. 2002 பெப்ரவரியில் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்ருவேட் லின், உலகளாவிய நேரடித் தேர்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்று கூறிச் சீர்திருத்தத் திட்டமொன்றை முன்வைத்தார். அவ்வாண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த புதிய துணைவிதிகளில் மக்கள் வாக்குக்கு இடமிருக்கவில்லை. தேர்தலின் இடத்தில் நியமனக் குழு வந்து அமர்ந்தது. இன்றுள்ள அமைப்பில் வாக்குரிமையுடைய பணிப்பாளர் 16 பேருள் 8 பேரை அந்நியமனக் குழுவே தெரிவுசெய்கின்றது. அக்குழுவின் கலந்தாலோசனைகள் இரகசியமானவை. தனிப் பயனாளரின் சார்பில் சபையில் உள்ள இடம் ஒன்றே ஒன்று. அதுவும் 2010ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. அதற்குரியவரைத் தெரிவுசெய்வதும் நேரடி வாக்கெடுப்பு அன்று.

வாக்குச்சீட்டு நோயுற்றது என்று கூறி நோயாளியையே அகற்றிவிட்ட மருத்துவம் இது. தேர்தலில் வாக்களித்தோர் தொகை சிறிது என்பதே தேர்தலை ஒழிப்பதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. அப்படியாயின், சில பேரே கொண்ட நியமனக் குழுவின் தொகை மட்டும் எவ்வாறு போதியதாயிற்று என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

அந்த ஒரேயொரு தேர்தலில் வட அமெரிக்காவிலிருந்து தெரிவானவர் கார்ல் அவர்பாக் என்னும் பொறியியலாளர். பணிப்பாளர் என்ற முறையில் நிறுவனத்தின் கணக்கேடுகளையும் பதிவேடுகளையும் பார்வையிட அவர் விரும்பினார். சாதாரண கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாக உறுப்பினர் ஒருவருக்கும் உள்ள உரிமை அது. ஆனால் 'திறந்த' நிறுவனம் தன் பணிப்பாளருக்கே ஏடுகளைத் திறந்து காட்ட நிபந்தனைகள் விதித்தது. அவர் 2002 மார்ச்சில் வழக்குத் தொடர்ந்தார். அவ்வாண்டு யூலை 29ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் அவருடைய உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. மக்கள் தெரிவுசெய்த ஒருவர் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதற்கு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அத்தீர்ப்பு வந்த சில மாதங்களுக்குள் அவரைத் தெரிவுசெய்த முறையே விதிகளிலிருந்து மறைந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு உரை எழுத வேண்டிய தேவை இல்லை.

இது பழைய கதை என்று தள்ளுவார்க்கு அண்மைக் கதை ஒன்றுண்டு. இணையப் பெயர்களுள் 'டொட் ஓர்க்' என முடிவனவற்றை வாசகர் அறிவர். 1985ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் அப்பெயர்களைத் தொண்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் பண்பாட்டுக் கழகங்களும் பெரிதும் பயன்படுத்துகின்றன. அவற்றின் தொகை ஒரு கோடியை எட்டியது. அப்பதிவகத்தை நடத்தும் பொறுப்பு 2002இல் பதினொரு விண்ணப்பங்களை ஆராய்ந்தபின் இணையக் கழகம் என்ற இலாபநோக்கற்ற அமைப்புக்கு வழங்கப்பட்டது. பொதுநலப் பதிவகம் என்ற பெயரில் அக்கழகம் ஓர் அமைப்பை நிறுவி 2003 முதல் நடத்தி வந்தது. ஆண்டொன்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் விலையை உயர்த்தலாகாது என்ற வரம்பு ஒப்பந்தத்தில் இருந்தது.

2019ஆம் ஆண்டில் அவ்வொப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது விலை வரம்பை நீக்குவதென்று முன்மொழியப்பட்டது. மார்ச் 18 முதல் ஏப்பிரல் 29 வரை பொதுமக்களின் கருத்துகள் கோரப்பட்டன. 3,000க்கு மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வரம்பை நீக்கலாகாது என்றன. ஆதரித்தவை மிகச் சில. யூன் 30ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. விலை வரம்பு நீங்கியது.

இங்கு நாம் சற்று நின்று 'கருத்துரை' என்ற சொல்லை ஆராய வேண்டும். கருத்துரை என்பது வாக்கு அன்று, விண்ணப்பமும் அன்று. விண்ணப்பத்துக்கு ஏற்பு அல்லது மறுப்பு என்ற விடை உண்டு. வாக்குக்கு எண்ணிக்கை உண்டு. கருத்துரைக்கு இரண்டும் இல்லை. அது பெறப்படுகின்றது, சுருக்கப்படுகின்றது, வகைப்படுத்தப்படுகின்றது, 'கவனத்திற் கொள்ளப்பட்டது' என்ற வாய்பாட்டுடன் கோவைக்குள் அடங்குகின்றது. சங்கக் கூட்டங்களிற் பழகியவர்கள் ஒன்றை அறிவர்: கூட்டத்திற் பேசுகிறவனை விடக் கூட்டறிக்கை எழுதுகிறவன் வலியவன். மூவாயிரம் பேர் எழுதினர். ஆனால் அவர்கள் எழுதியதன் சாரத்தை எழுதியவர்கள் நிறுவனத்தின் சம்பளம் பெறும் அலுவலர்கள். எதிர்ப்பு எவ்வளவு பெருகியதோ அவ்வளவுக்குக் கலந்தாலோசனை 'சிறப்பாக' நடைபெற்றது என்று கூறத்தக்க விந்தையான முறை இது. மறுப்பின் பெருக்கமே ஒப்புதலின் சான்றாக மாறிவிடுகின்றது.

விலை வரம்பு நீங்கி ஐந்து மாதங்கள் கழியுமுன், 2019 நவம்பர் 13ஆம் நாள், இணையக் கழகம் அப்பதிவகத்தை ஈதோஸ் கப்பிற்றல் என்னும் தனியார் முதலீட்டுக் கம்பனிக்கு விற்கப்போவதாக அறிவித்தது. விலை 113.5 கோடி அமெரிக்க டொலர். பேச்சுவார்த்தைகள் இரகசியமாக நடந்தன. உலகெங்கும் பரந்திருந்த கழகத்தின் கிளைகளுக்கு முன்கூட்டி எதுவும் கூறப்படவில்லை. அறிவிப்பு வெளிவந்த பின்னரே அவையும் அறிந்தன. வாங்க வந்த கம்பனியோடு ஐகானின் முன்னாள் தலைமை நிருவாகி பாடி செகாடே ஆலோசகராகத் தொடர்புற்றிருந்தார். பின்னர் அதன் இணைத் தலைமை நிருவாகியாகவும் விளங்கினார். நெறிப்படுத்தும் கூடத்துக்கும் நெறிப்படுத்தப்படும் சந்தைக்கும் இடையில் இருந்த கதவு மட்டும் உண்மையாகவே திறந்திருந்தது போலும்! இதில் சட்டமீறல் இருந்தது என்று நாம் கூறவில்லை. சட்டத்துக்கு அமைந்தபடியே இவ்வாறு நிகழ முடிந்தது என்பதுதான் நமது கவலை.

விற்பனை நடைபெறவில்லை. ஆனால் அது எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதை உற்று நோக்குதல் வேண்டும். தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றுதிரண்டு எதிர்ப்புக் கடிதங்களில் ஒப்பமிட்டன. 2020 சனவரி 24ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐகானின் தலைமையகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஏப்பிரல் 15ஆம் நாள் கலிபோர்ணியா மாநிலத்தின் சட்டமா அதிபர் சேவியர் பெசெரா, விற்பனைக்கு இணங்க வேண்டாமென வற்புறுத்திக் கடிதம் எழுதினார். ஏப்பிரல் 30ஆம் நாள் ஐகான் பணிப்பாளர் சபை ஒப்புதலை மறுத்தது. இலாபநோக்கற்ற ஒரு பதிவகம் இலாபநோக்குடைய அமைப்பாக மாறுவதும், 36 கோடி டொலர் கடன் அதன் தலையில் ஏற்றப்படுவதும் மறுப்புக்குரிய காரணங்களாகக் காட்டப்பட்டன.

வெற்றி மக்களுடையதே, ஐயமில்லை. ஆனால் அவ்வெற்றி எந்த வழியால் வந்தது? கருத்துரைப் பெட்டியின் வழியாக வந்ததா? அன்று. தெருவில் நின்ற பதாகையும், சட்ட அதிகாரம் படைத்த ஓர் அரசாங்க அலுவலரின் கடிதமும் சேர்ந்தே அதைக் கொணர்ந்தன. உலகம் முழுவதற்கும் பொதுவானது எனக் கூறப்படும் ஒரு நிறுவனத்தை இறுதியில் அசைக்க முடிந்தது, அது பதிவாகியுள்ள ஒரு மாநிலத்தின் சட்டமா அதிபருக்கே. அவருக்கு வாக்களிக்கும் உரிமை கலிபோர்ணிய மக்களுக்கு உண்டு. நைரோபியிலோ டாக்காவிலோ உள்ள தொண்டு நிறுவனத்துக்கு இல்லை.

விலை வரம்பை நீக்கிய விவகாரம் சுதந்திர நடுவர் குழுவொன்றின் முன் சென்றது. வழக்கிட்டது நேம்சீப் என்னும் பெயர்ப்பதிவு வாணிபக் கம்பனி. 2022 டிசெம்பரில் அக்குழு, வரம்பு நீக்கப்பட்ட முறை ஐகானின் சொந்தத் துணைவிதிகளை மீறியது என்று தீர்மானித்தது. பணிப்பாளர் சபை வெளிப்படையான தீர்மானம் எதையும் நிறைவேற்றாமல் அலுவலர்கள் கைச்சாத்திட இடமளித்ததும் அதன் கண்டனத்துக்குள்ளாயிற்று. வெளியிலிருந்து நோக்கும் நாம் கூறின் அது பொறாமை எனப்படலாம். நிறுவனத்தின் விதிகளின்படி அமைந்த நடுவர் குழுவே கூறிய பின்னர் ஐயம் கொள்வோரைக் குறைகூறுதல் பொருந்தாது. அதுமட்டுமன்று. அத்தீர்மானத்தைப் பெறுவதற்கு மூன்றாண்டுகளும் பெரும் பணமும் தேவைப்பட்டன. அவற்றைச் செலவிட வல்லதாயிருந்ததும் ஒரு வாணிபக் கம்பனியே. மூவாயிரம் கருத்துரையாளருள் எத்தனை பேருக்கு அது இயலும்?

ஒரு நிறுவனத்தின் தனிக்குறை எனக் கொள்ளாது இதன் வேரை நாடுவோம். இணைய நியமங்களை வகுக்கும் பொறியியலாளர் குழுக்களிடையே அரசரையும் தலைவரையும் வாக்கெடுப்பையும் ஏற்பதில்லை என்ற கொள்கை பெருமையோடு பேசப்படுவதுண்டு. 1992இல் டேவிட் கிளார்க் என்னும் அறிஞர் அதனை ஓர் உரையில் எடுத்துரைத்தார். வாக்கெடுப்புக்குப் பதிலாக ஏறத்தாழ ஒருமித்த கருத்தே போதும் என்பர். கூடியிருப்போர் வாயை மூடி முணுமுணுத்து எழுப்பும் ஒலியின் அளவைக் கொண்டு தவிசாளர் கருத்தொருமையை மதிப்பிடுவதும் அங்குண்டு. பொறி இயங்குகின்றதா இல்லையா என்ற கேள்விக்கு இம்முறை நன்கு பயன்பட்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறி யாருக்காக இயங்க வேண்டும் என்ற கேள்வி எழும்போது நிலைமை மாறுகின்றது. ஒருமித்த கருத்து இருக்கின்றது என்று கூறுபவர் யார்? எண்ணப்படாத வாக்கை எவ்வாறு மீள எண்ணுவது? அரசன் இல்லாத சபையில் அரசன் இருக்கும் இடம் தெரியாதிருக்கின்றது, அவ்வளவே.

இணைய வலையின் நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்னும் கூட்டமைப்பில் 2017ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் கருதத்தக்கது. திரைப்பட உரிமையாளர்களின் பூட்டுமுறைக்கு வலை உலாவிகளில் இடமளிக்கும் நியமமொன்று அங்கு கடும் வாதத்துக்குள்ளாயிற்று. குறைகளைக் கண்டறியும் ஆய்வாளருக்குச் சட்டப் பாதுகாப்பேனும் வழங்குக என்று கேட்டவர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. மேன்முறையீட்டின் பின் நடந்த வாக்கெடுப்பில் 108 உறுப்பினர் ஆதரித்தனர். 57 பேர் எதிர்த்தனர். 20 பேர் நடுநிலை வகித்தனர். ஒருமித்த கருத்தில் இயங்குவதாகக் கூறும் அமைப்பில் ஏறத்தாழ 58 வீத ஆதரவோடு நியமம் நிறைவேறியது. உறுப்பினர் என்போர் ஆண்டுக் கட்டணம் செலுத்தும் அமைப்புகள். வலையைப் பயன்படுத்தும் மக்கள் அல்லர். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய மின்னணு எல்லைக் கழகம் உறுப்புரிமையைத் துறந்து வெளியேறியது.

கதவு திறந்திருக்கின்றது என்பது உண்மையே. ஆனால் கதவுவரை வந்து சேர்வதற்கு வழிச்செலவு வேண்டும். ஆண்டுக்கு மும்முறை வெவ்வேறு கண்டங்களிற் கூடும் கூட்டங்களுக்குச் செல்ல விடுமுறை வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலச் சட்டநடையில் அமைந்த ஆவணங்களைப் படிக்க ஓய்வு வேண்டும். பெருங்கம்பனியின் பிரதிநிதிக்கு அது சம்பளத்துக்குரிய வேலை. தொழிற்சங்கத்தின் செயலாளருக்கு அது உறக்கத்தைத் துறந்து செய்யும் வேலை. 2012ஆம் ஆண்டில் புதிய மேல்நிலைப் பெயர்களுக்கு விண்ணப்பம் கோரியபோது ஒரு விண்ணப்பத்தின் கட்டணம் 185,000 டொலர். வந்த 1,930 விண்ணப்பங்களுள் வட அமெரிக்காவிலிருந்து 911, ஐரோப்பாவிலிருந்து 675, ஆசிய, பசிபிக் பகுதியிலிருந்து 303, இலத்தீன் அமெரிக்காவிலிருந்து 24, ஆபிரிக்காவிலிருந்து 17. விண்ணப்பிக்கும் உரிமை எல்லோருக்கும் சமமாகவே வழங்கப்பட்டிருந்தது! நம் எழுத்தின் கதையும் இதனோடு தொடர்புடையதே. இலத்தீன் எழுத்துப் பெயர்கள் வழக்கில் வந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னரே, 2010இல், 'இலங்கை' என்ற சொல் தமிழெழுத்தில் அப்பெயர் மரத்தின் வேரிற் சேர்ந்தது.

உத்தரமேரூர்க் கல்வெட்டிற் காணும் குடவோலை முறையை நம்மவர் பலர் மக்களாட்சியின் தொட்டில் எனக் கொண்டாடுவர். குடத்தினுள் ஓலையிடும் செயல் எல்லோரும் காண நடந்ததுதான். ஆனால் ஓலையிற் பெயர் பொறிக்கப்படுவதற்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். குடத்தின் வாய் திறந்திருந்தது. குடத்துக்குள் எவருடைய பெயர் செல்லலாம் என்பது முன்னரே மூடப்பட்டிருந்தது. முறையின் வெளிப்படைத்தன்மை வேறு. அம்முறைக்குள் நுழையும் தகுதியின் சமத்துவம் வேறு. இவ்வேறுபாட்டை மறைப்பதே 'திறந்த' என்ற சொல் இன்று ஆற்றும் பணி.

'பங்குடையோர்' என்ற மற்றொரு சொல்லையும் கவனிக்க. இணைய ஆட்சியில் அரசாங்கம், வாணிபம், சிவில் சமூகம், தொழில்நுட்பர் ஆகிய பல பங்குடையோர் சமமாக அமர்கின்றனர் என்பர். தமிழிற் பங்கு என்றால் நமக்கு நினைவு வருவன காணிப் பங்கும் கம்பனிப் பங்குமே. சொல் தன் பிறப்பை மறைக்கவில்லை. குடிமகன் குடிமகனாயிருப்பதனாலேயே உரிமை பெறுகின்றான். பங்குடையவன் தன் பங்கின் அளவுக்கு உரிமை பெறுகின்றான். முன்னையவனை நீக்கிப் பின்னையவனை அவ்விடத்தில் இருத்தியது வெறும் சொல் மாற்றமன்று. ஊர்கூடித் தேரிழுக்கும்போது வடம் பிடிப்போர் ஆயிரம் பேர். ஆனால் தேர் எப்பக்கம் திரும்புவது என்பது சில்லின் அருகே முட்டுக்கட்டையோடு நிற்கும் சிலரின் கையில் உள்ளது. வடத்தைத் தொட்ட புண்ணியத்தோடு ஆயிரவர் வீடு திரும்புகின்றனர்.

இவ்வளவு கூறியபின் எதிர்வாதத்துக்கும் செவிசாய்த்தல் நேர்மையாகும். இவ்வமைப்புகள் இல்லாவிடின் இணையத்தை அரசாங்கங்கள் கைப்பற்றிவிடும் என்பது அவ்வாதம். அதனை எளிதிற் புறந்தள்ள முடியாது. 2012 டிசெம்பரில் டுபாயில் நடந்த உலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில் அரசாங்கங்கள் தம்முள் ஓர் உடன்படிக்கையை உருவாக்க முனைந்தன. 89 நாடுகள் கைச்சாத்திட்டன. 55 நாடுகள் மறுத்தன. கைச்சாத்திட்ட அரசுகளுட் சில, தம் நாட்டிலேயே எழுத்தாளரையும் மாணவரையும் சிறையிலிட்டுப் பழகியவை. அத்தகையோரின் கையில் பெயர்ப்பட்டியலை ஒப்படைப்பது கம்பனிகளின் பிடியிலிருந்து விடுபடும் வழியாகாது. வணிகனின் பூட்டை உடைத்துக் காவலனின் பூட்டைப் போடுவது விடுதலை அன்று. அவ்வாறே, 2016 ஒக்டோபர் 1ஆம் நாள் அமெரிக்க அரசுடனான ஒப்பந்தம் முடிவுற்று, பெயர் வேரின் மீதான அவ்வரசின் நேரடி மேற்பார்வை நீங்கியதும் ஒரு முன்னேற்றமே. ஆனால் ஓர் எசமானன் நீங்கிய வெற்றிடத்தில் மக்கள் வந்து அமர்ந்தனரா என்பதே வினா. 2019ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் அதற்கு விடை தந்துவிட்டன.

ஐயம் இருவகைப்படும். எல்லாம் ஏமாற்று, எவர் ஆண்டாலும் ஒன்றே என்று கைகட்டி இருக்கச் செய்யும் ஐயம் ஒன்று. அது அறிவுடைமை போலத் தோன்றினாலும் ஆள்வோருக்கே துணைபோவது; ஏனெனில் வெறுத்து வெளியேறியவனின் நாற்காலியிலும் கம்பனியின் பிரதிநிதியே வந்து அமர்வான். கணக்குக் கேட்கும் ஐயம் மற்றொன்று. அவர்பாக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பியதும், தொண்டு நிறுவனங்களைத் தெருவுக்கு அழைத்ததும் இந்த இரண்டாவது ஐயமே. நாம் வளர்க்க வேண்டியது இதனையே.

ஆதலால் 'திறந்த' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் எந்த அமைப்பையும் நாம் சில எளிய கேள்விகளால் அளக்கலாம். கேட்கப்பட்ட கருத்து முடிவை மாற்றிய ஒரு சந்தர்ப்பத்தையேனும் அது காட்ட வல்லதா? பெரும்பான்மையோரின் மறுப்பைத் தள்ளும்போது, தள்ளுபவர் தம் பெயரையும் காரணத்தையும் எழுதி ஒப்பமிடுகின்றனரா? முடிவெடுத்தவர் நாளை எவரிடம் சம்பளம் பெறலாகாது என்ற விதி உண்டா? பணமில்லாதவனும் வழக்காடக் கூடிய மேன்முறையீடு உண்டா? முடிவெடுப்போரை நீக்கும் உரிமை முடிவினால் பாதிக்கப்படுவோருக்கு உண்டா? இவற்றுக்கு விடை இல்லையெனில், கூட்டங்களின் ஒளிப்பதிவுகளையும் ஆயிரம் பக்க அறிக்கைகளையும் நம் முன் குவிப்பதனால் எவ்வமைப்பும் மக்களுடையதாகிவிடாது. ஏனெனில் பார்க்க விடுவது வேறு, பங்கேற்க விடுவது வேறு. கண்ணாடிச் சுவரும் சுவர்தான்.

இக்கேள்விகளை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லுமாறு ஆசிரியர்களை நாம் கேட்டுக்கொள்கின்றோம். குடியியல் பாடத்தில் பாராளுமன்றத்தைப் பற்றியும் நகரசபையைப் பற்றியும் கற்பிக்கும் நாம், மாணவரின் நாளாந்த வாழ்வை ஆளும் இந்த மூன்றாவது சபையைப் பற்றி மௌனமாயிருப்பது தகாது. எழுத்தறிவு பரவியபோது, படித்தவன் அடிமைச் சாசனத்திற் கைநாட்டு வைக்க மறுத்தான். இணையத்தின் விதிகளைப் படிக்கக் கற்ற தலைமுறை, 'கவனத்திற் கொள்ளப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு திருப்தியடைந்து வீடு திரும்பாது. திறந்த கதவின் முன் நின்று நன்றி கூறுவதை விட்டு, உள்ளே சென்று ஏடுகளைக் கேட்கும்.